நிறுத்தத் தெரிந்த கை

லோஹேகாவில் பொழுது புலருமுன்பே சஹா, அதாவது மராத்தியரின் டீ, கொதித்துவிடுகிறது. புனே விமான நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. விமானப்படைத் தளமும் இங்கேதான். இரண்டுக்கும் ஓடுபாதை ஒன்றே. இரவெல்லாம் வண்டி ஓட்டிய டாக்சிக்காரர்கள், சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள், காவல் பணி மாறுகிறவர்கள், தானோரிப் பக்கமும் வாகோலிப் பக்கமும் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளுக்குச் சாரம் கட்டப் போகிறவர்கள் என எல்லோரும் அந்நேரத்தில் டப்ரி எனப்படும் சாலையோரக் கடையைச் சுற்றித்தான் நிற்பார்கள். துக்காராம் மகராஜின் தாய்வழி ஊர் என்று மராத்தியர் போற்றும் பழைய கிராமம் இது. மாநகராட்சிக்குள் முழுதாக வந்தது 2017இல்தான். அதனால் கோவில் தெருவில் கிராமத்து நிதானமும் விமான நிலையச் சாலையில் நகரத்துப் பரபரப்பும் அருகருகே கிடக்கின்றன. இரண்டு இடத்திலும் சஹாவை ஒரே பொறுமையோடு போடுகிறார்கள். இங்கே குடிவந்த தமிழச்சியான எனக்கு இந்த ஊர்மேல் முதலில் மரியாதை வந்தது அதைப் பார்த்துத்தான்.

அந்தப் பொறுமை கண்ணுக்குப் படுமுன் காதில் விழும். புனேயில் ‘அம்ருததுல்ய’ என்று பெயர் தாங்கிய டீக்கடைகள் ஒரு தனி மரபு. ராஜஸ்தானிலிருந்து குடிபெயர்ந்த ஸ்ரீமாளி பிராமணக் குடும்பங்கள், ரவிவார், சோம்வார் என்று கிழமைப் பெயர் கொண்ட பழைய பேட்டைகளில் தொடங்கிவைத்தவை. அம்பிகா, நர்மதேஷ்வர் என்று தெய்வப் பெயரை முன்னால் வைத்துப் பின்னால் அம்ருததுல்ய என்று சேர்ப்பது வழக்கம். அந்தக் கடைகளின் மேடையில் சின்னஞ்சிறு பித்தளை உரல் ஒன்று இருக்கும். கல்பத்தா என்பார்கள். ஏலக்காயையும் இஞ்சியையும் அதில் போட்டு இடிக்கும்போது, குழவி அடியில் விழும் மந்த ஒலியும் விளிம்பில் தட்டும் கூரிய ஒலியும் மாறிமாறி வந்து ஒரு தாளக்கட்டாகவே அமைந்துவிடும். வேலையோடு வேலையாக அந்தக் கை தாளம் தவறாமல் இடிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பதே சுகம். இன்று ஊரெங்கும் கிளைவிட்டிருக்கும் புதுக்கடைகள் பலவற்றில் அந்த உரல் இல்லை. அரைத்து வந்த பொடியில் ஏலக்காயின் முதல் மூச்சு ஏற்கெனவே போயிருக்கும்.

பாத்திரமும் பித்தளை. அடி கனமானது. முதலில் தண்ணீர், அதில் சர்க்கரை, இடித்த இஞ்சி. அது தளதளவென்று கொதித்த பிறகு டீத்தூள். அதற்கும் பிறகுதான் பால். இந்த வரிசை வெறும் பழக்கத்தால் வந்ததன்று. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. நசுக்கிய இஞ்சியை நேராகப் பாலில் போட்டால் பால் திரிந்துபோகலாம். கொதிநீரில் முதலில் வெந்துவிட்டால் அந்த நொதி செயலற்றுவிடும். காரமும் மணமும் மட்டும் நிற்கும். வேதியியல் படிக்காத கை, பால் கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும் என்ற கவலையிலேயே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

பால் சேர்ந்த பிறகு நடப்பதைத்தான் நின்று பார்க்கவேண்டும். கொதி விளிம்புவரை எழும். நான் போகும் கடைக்காரரான காகா அகப்பையால் அள்ளி, தோள் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றி அதைத் தணிப்பார். மறுபடி எழும், மறுபடி தணிப்பார். ஒவ்வொரு எழுச்சியிலும் நிறம் ஒரு படி ஆழமாகும். பாலின் புரதமான கேசீன், தேயிலையின் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அதன் முனையை மழுக்குகிறது. சர்க்கரையும் பாலும் சூட்டில் கூடிக் காய்ந்த பாலின் இனிய வாசத்தை உண்டாக்குகின்றன. இது இன்னும் சற்று நேரம் போனால் துவர்ப்பு மீண்டும் தலைதூக்கும், பால் அடிப்பிடித்த நெடியும் சேரும். சற்று முன்னாலேயே இறக்கினால் பச்சைப் பால் வாசம் தனியாகவும் டீயின் கசப்பு தனியாகவும் நாக்கில் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதைப் பார்த்து, ஏலக்காயைத் தூவி, அடுப்பை அணைத்து, துணியில் வடித்துக் கெண்டியில் இறக்குகிற அந்தக் கணத்துக்காகத்தான் நான் கடை மாறாமல் போகிறேன். ஏலக்காய் கடைசியில் விழுவதற்கும் காரணம் உண்டு: அதன் மணத்தைத் தாங்கும் எண்ணெய் எளிதில் ஆவியாகிவிடும், நெடுநேரம் கொதித்தால் கடைக்கு வெளியே நிற்கிறவனுக்குத்தான் அது போய்ச் சேரும்.

டீயின் நயம் முழுவதும் எங்கே நிறுத்துகிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அடுப்படியில் மட்டும் இல்லை. இலை செடியை விட்டுப் பிரிந்த நொடியிலிருந்தே அப்படித்தான்.

கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடிதான் எல்லாத் தேயிலைக்கும் தாய். பச்சை டீ, வெள்ளை டீ, ஊலாங், கறுப்பு டீ என்று கடையில் வெவ்வேறு அலமாரியில் உட்கார்ந்திருப்பவை அனைத்தும் அதன் கொழுந்துகளே. சிறிய இலை கொண்ட சீன வகை, அகன்ற இலை கொண்ட அசாம் வகை என இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஆனால் பறித்த கொழுந்து மேடையில் விழுந்த பிறகு யார் எந்த நேரத்தில் அதன் மாற்றத்தைத் தடுத்தார்கள் என்பதே அது என்னவாகும் என்று முடிவு செய்கிறது. பறித்தவுடன் சூடுகாட்டினால் இலையின் நொதிகள் மடிந்து பச்சை அப்படியே நிற்கும். சீனர்கள் இரும்புச் சட்டியில் வறுத்து நிறுத்துவார்கள். அதனால் அவர்களுடைய பச்சை டீயில் வறுத்த கடலையின் சாயல் இருக்கும். ஜப்பானியர் ஆவியில் நிறுத்துவார்கள். அதில் கடற்பாசியின் சாயல் வரும். அரும்பை மட்டும் கிள்ளி, கசக்காமல், வாடவிட்டு உலர்த்தினால் வெள்ளை டீ. சீனாவின் ஃபுஜியன் மாகாணத்து வெள்ளி ஊசி அப்படிப்பட்டது. அரும்பின்மேல் படர்ந்த மென்மயிர் உதிராமல் இருக்கிறதா என்றுதான் அதை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள். பாதிவழியில் நிறுத்தியது ஊலாங். முழுதாக மாறவிட்டது கறுப்பு டீ. யுன்னானின் பு-எர் இன்னொரு வழி போகிறது: அங்கே உலர்ந்த இலையில் நுண்ணுயிர்கள் குடியேறி, ஆண்டுக்கணக்கில் அதை மண்வாசம் கொண்டதாக்குகின்றன.

இந்தியாவின் தொல்வழி ஒன்றும் இதில் சேரும். அசாம் காடுகளில் தேயிலை மரமாகவே வளர்ந்து நின்றதை சிங்போ மக்கள் அறிந்திருந்தார்கள். 1823இல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு அதைக் காட்டியது பேசா காம் என்ற சிங்போ தலைவர்தான். அவர்கள் இலையை வாணலியில் வாட்டி, வெயிலில் காயவைத்து, மூங்கில் குழாயில் அடைத்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார்கள். ஃபாலாப் என்று பெயர். மூங்கிலைப் பிளந்தால் இறுகிய கட்டையாக வெளியே வரும். கத்தியால் வட்டவட்டமாகச் சீவிக் கொதிநீரில் இடுவார்கள். புகையும் மூங்கிலும் ஊறிய அதன் சாறு, பால் கேட்காது, சர்க்கரையும் கேட்காது. அசாம் தேயிலை முதன்முதலில் லண்டனில் ஏலம் போனது 1839 ஜனவரியில். சிங்போ வீட்டு அடுப்புக்குமேல் அது தொங்கியது அதற்கு எவ்வளவோ முன்பு.

காகாவின் டப்பாவில் இருக்கும் தூளுக்கும் அசாம்தான் பிறப்பிடம். தூள் என்று சொன்னாலும் உண்மையில் அவை சிறு சிறு மணிகள். 1930களின் தொடக்கத்தில் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கர்ச்சர் வகுத்த முறையில் செய்யப்படுபவை. எதிரெதிராக வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல்லுருளைகளுக்கு நடுவே வாடிய இலையைச் செலுத்தினால், அது நசுங்கிக் கிழிந்து சுருண்டு மணியாகிவிடும். சி.டி.சி. என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இலையின் ஒவ்வொரு செல்லும் உடைந்துபோவதால் காற்று உடனே புகுந்து வேலை செய்கிறது. கோப்பையில் நிறமும் உடனே இறங்குகிறது. பால் எவ்வளவு ஊற்றினாலும் அமுங்காத உடம்பு அதற்கு உண்டு. இந்தியாவில் ஆகும் தேயிலையின் பெரும்பகுதி இப்படித்தான் ஆகிறது. தேயிலை ரசிகர்களில் சிலர் இதை இரண்டாந்தரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலையும் இஞ்சியையும் தாங்கவேண்டிய டீக்கு மென்மையான இலையைக் கொண்டுவந்து போடுவதால் இலைக்கும் நன்மையில்லை, பாலுக்கும் இல்லை. நல்ல சி.டி.சி. மணியை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள்: நார் ஒட்டாது, கையில் தூசு படியாது, ஒவ்வொரு மணியும் கறுத்துப் பளபளத்து எடையோடு உருளும்.

அந்த மணியாகட்டும், நீள இலையாகட்டும், பிறக்கும் வழியில் இருக்கும் நுணுக்கம் கோத்தகிரிப் பக்கத்து ஃபேக்டரிகளில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். கொழுந்து வந்ததும் நீளத் தொட்டியில் கம்பிவலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி வாடவிடுகிறார்கள். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம். முக்கால் பங்குக்குமேல் தண்ணீராக இருந்த இலை அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத் துவண்டுவிடும்; மடக்கினால் காம்பு ஒடியாது. பிறகு உருட்டல். உருட்டிய இலையைப் பரப்பி வைத்ததும் பச்சை மெல்லச் செம்பு நிறமாகிறது. கேட்டெசின் என்னும் பொருள் காற்றோடு சேர்ந்து, முதலில் தியாஃபிளேவினாகவும் பிறகு தியாரூபிஜினாகவும் மாறுவதன் நிறம் அது. முன்னது கோப்பைக்குப் பொன்னொளியையும் நாக்கில் விறுவிறுப்பையும் தரும். பின்னது செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தரும். நேரம் கூடக்கூட முதலாவது குறைந்து இரண்டாவது ஏறும். இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கவேண்டும் என்பதை அங்கே நிற்கும் ஃபேக்டரிக்காரர் இன்றும் மூக்கால்தான் தீர்மானிக்கிறார். ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுபோவார். புல் வாசம் போய்ப் பழ வாசம் எழும் நேரத்தில் சூளைக்கு அனுப்பச் சொல்வார். இட்லி மாவு பொங்கிய பக்குவத்தை மூடியைத் திறந்ததுமே அறிந்துகொள்ளும் பாட்டிகளின் மூக்கு அது. சூளையில் ஈரம் நூற்றுக்கு மூன்று அளவுக்கு இறங்கியதும் இலையின் மாற்றம் நின்றுவிடும். நாலு கிலோவுக்கும் கூடுதலான பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகச் சுருங்கியிருக்கும்.

ஆனால் அந்த மூக்குக்கு வேலை வைப்பது அதற்கு முன்னால் தோட்டத்தில் நிற்கும் விரல்கள். இரண்டு இலை ஓர் அரும்பு என்று சொல்லிவிடுவது எளிது. இடுப்பில் படங்கு சுற்றி, தலையில் கயிறிட்டுக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, சரிவில் கால் ஊன்றி நின்றபடி இரு கையாலும் ஒரே வேகத்தில் கிள்ளும்போது, முற்றிய மூன்றாம் இலையைத் தொடாமல் விடுவது அவ்வளவு எளிதன்று. செடியின் மேல்பரப்பு சமமாக இருந்தால்தான் அந்த வேகம் கைகூடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டிச் செடியைத் தாழ்த்துவதும் அதற்குத்தான். இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டத்தை வைத்ததையும், 1869 முதல் இலைத்துரு நோய் காப்பியை அழித்த பிறகு மலைநாடு முழுக்கத் தேயிலையானதையும் புத்தகங்கள் சொல்லும். அந்த மலைகளைப் பசுமையாக்கியது தமிழ்நாட்டிலிருந்து நடந்துபோன குடும்பங்களின் கை. 1964ஆம் ஆண்டு சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களில் பலர் திரும்பி வந்தபோது, அவர்களுக்கு வேலை தரவே 1968இல் நீலகிரியில் அரசு தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் பின்னர் டான்டீ என்னும் அரசு நிறுவனம் ஆனது. கூடலூர், பந்தலூர் பக்கத்து டான்டீ தூளைக் குடிக்கும்போது கண்டி மலையில் பழகிய விரல்களின் தேர்ச்சி அதற்குள் வழிவழியாக வந்திருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

மணத்தின் கதை இன்னும் விந்தையானது. தேயிலையின் மிகச் சிறந்த வாசங்கள் பல, செடி துன்பப்பட்ட நேரத்தில் பிறந்தவை. டார்ஜிலிங்கை எடுத்துக்கொள்வோம். 1841இல் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் தம் வீட்டுத் தோட்டத்தில் சீன விதையை ஊன்றியதில் தொடங்கியது அந்த மலையின் தேயிலை. 2004இல் இந்தியாவிலேயே முதல் புவிசார் குறியீடு பெற்றதும் அதுவே. அங்கே மே, ஜூன் மாதங்களில் வரும் இரண்டாம் கொழுந்துக்கு மஸ்கடெல் என்னும் திராட்சை மணம் உண்டு. இலைத் தத்துப்பூச்சியும் இலைப்பேனும் கொழுந்தின் சாற்றை உறிஞ்சும்போது, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்கள்தாம் கோப்பையில் அந்த மணமாகின்றன. பூச்சிமருந்து தெளித்து அவற்றை ஒழித்தால் மணமும் ஒழியும். தைவானின் ‘கீழைத் தேசத்து அழகி’ என்னும் ஊலாங்குக்கும் இதே பூச்சிக் குடும்பம்தான் உபயம். இலங்கையின் ஊவா மலைச்சரிவில் பூச்சியின் இடத்தில் காற்று நிற்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வரும் வறண்ட கச்சான், இலையைக் காயவைக்கிறது. அந்த மாதங்களின் ஊவா தேயிலையில் தொண்டையைத் திறந்துவிடும் ஒரு குளிர்ச்சி ஏறும். தைலத்தை நினைவூட்டும் அந்த மணத்துக்காக ஏலத்தில் காத்திருந்து வாங்குவார்கள்.

நீலகிரிக்கு உறைபனி. டிசம்பரிலும் ஜனவரியிலும் இரவு கடுமையாகக் குளிர, பகலில் தெளிந்த வெயில் அடிக்கும். கொழுந்து மிக மெதுவாக வளரும். அப்போது பறித்துச் சில ஃபேக்டரிகள் ஆர்த்தடாக்ஸ் முறையில், இலையை நசுக்கிக் கிழிக்காமல் உருட்டிச் செய்யும் தேயிலையில் மல்லிகைக்கும் எலுமிச்சைப் பூவுக்கும் இடைப்பட்ட ஒரு மணம் வரும். 1830களில் கேத்திப் பண்ணையில் சோதனையாக நட்ட சீனச் செடிகளில் தொடங்கிய நீலகிரித் தேயிலை, ஆண்டு முழுவதும் கொழுந்து தருவதாலேயே மலிவுச் சரக்காக எண்ணப்பட்டுவிட்டது. அந்தக் குளிர்காலக் கொழுந்தை ஒருமுறை பாலில்லாமல் குடித்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். இதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. பெரும்பாலான தேயிலைச் சாறு ஆறினால் கலங்கிவிடும். நீலகிரி இலையின் சாறு குளிர்ந்தாலும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். ஐஸ் டீக்கு இதைத் தேடி வாங்குவது அதனால்தான். மதுரையிலோ சென்னையிலோ நான் போன ஓர் ஓட்டல்கூட அதைத் தன் பட்டியலில் பெருமையோடு போடாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்மூர் டீக்கடைக்கும் புனேக்கும் உள்ள வேறுபாடும் இந்த இலையிலிருந்துதான் கிளைக்கிறது. தெற்கே நாம் வாங்குவது டஸ்ட். மணியைவிட நுண்ணியது, நீர் பட்டதும் இறங்கிவிடுவது. அதனால் பாய்லரில் வெந்நீர் தயாராக இருந்தால் போதும். துணிப்பை வடிகட்டியில் தூளைக் கொட்டி, கொதிநீரை ஒரு வீச்சாக ஊற்றினால் டிக்காஷன் கையில். தனியே காய்ந்துகொண்டிருக்கும் பாலில் அதைச் சேர்த்து, மாஸ்டர் முழ நீளத்துக்கு ஆற்றும்போது காற்றும் நுரையும் கலந்து டீ இலகுவாகிறது. லைட், மீடியம், ஸ்ட்ராங் என்று ஆளுக்கொரு பக்குவம் கேட்க முடிவது பாலும் டிக்காஷனும் பிரிந்திருப்பதால்தான். லோஹேகாவில் அப்படிக் கேட்க இயலாது. இங்கே எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்து ஒன்றாகிவிட்டது. காகாவின் தீர்ப்பே எல்லோருக்கும் தீர்ப்பு. இஞ்சியின் காரமும் ஏலத்தின் குளிர்ச்சியும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லமுடியாதபடி பாலுக்குள் போயிருக்கும். நம் டீ தொண்டையைத் தட்டி எழுப்பும். இந்த சஹா நாக்கின்மேல் சற்றுநேரம் உட்காரும். கட்டிங் என்னும் அரைக் குவளை அளவுக்குமேல் இதைக் குடிக்க முடியாது, குடிக்கவும் கூடாது.

புனே கேம்ப் பகுதியிலும், டெக்கனில் 1935 முதல் நடக்கும் குட்லக் கஃபேயிலும் கிடைக்கும் இரானி சஹா இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பால் தனியே சுண்டிக்கொண்டிருக்கும், சாறு தனியே மெல்லிய சூட்டில் கறுத்துக்கொண்டிருக்கும். கோப்பையில்தான் இரண்டும் சந்திக்கும். செய்முறையில் நம்முடையதற்கு நெருக்கம், கனத்தில் மராத்தியருடையதற்கு நெருக்கம். பன் மஸ்காவின் உப்பு வெண்ணெய் அதில் கரைந்து மேலே பொட்டுப் பொட்டாக மிதப்பதற்கு ஒரு ருசி உண்டு. லோஹேகாவுக்குப் பக்கத்திலேயே கராடியில் தந்தூரி டீ என்று ஒன்று புறப்பட்டது. தந்தூர் அடுப்பில் பழுக்கக் காய்ந்த மண்குவளையில் பாதி வெந்த டீயை ஊற்ற, அது சீறிப் பொங்கிக் கீழே ஏந்திய பாத்திரத்தில் வழியும். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது. கருகிய மண்ணின் வாசம் முதல் மிடறில் மட்டும் தங்குகிறது. நான் அதைத் தேடிப் போவதில்லை.

விமானம் ஏறுகிறவர்கள் பலர் மேலே போய்க் குடித்துக்கொள்ளலாம் என்று கடையைக் கடந்து போய்விடுகிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. லோஹேகாவ் கடல்மட்டத்துக்கு மேல் 590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 98 டிகிரியில் கொதிக்கும். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமோ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது குன்னூரும் ஊட்டியும். அங்கே கொதிநீர் 94, 92 டிகிரியைத் தாண்டாது. கறுப்புத் தேயிலை தன்னிடம் உள்ளதை முழுதாகக் கொடுப்பதற்கு அந்தச் சூடு சற்றுக் குறைவு. வறண்ட காற்றும் இரைச்சலும் நாக்கையும் மூக்கையும் வேறு மந்தமாக்கிவிடும். ஆகவே குடிக்க வேண்டியதைத் தரையிலேயே குடித்துவிட்டு ஏறுவது நல்லது. தேயிலை விளையும் மலையிலேயே தேநீருக்குக் கொதி போதவில்லை என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். குன்னூரில் மூடிபோட்டுச் சற்றுக் கூடுதல் நேரம் ஊறவைத்தால் அது சரியாகிவிடும்.

வீட்டில் நான் நீலகிரியின் குளிர்கால இலையை லோஹேகாவ் தண்ணீரில்தான் போடுகிறேன். ஏலத்துக்கு முன் சுவை பார்ப்பவர்கள் 2.8 கிராம் இலையை நிறுத்து எடுத்து, கொதிநீரில் ஐந்தாறு நிமிடம் ஊறவிடுவார்கள். குறைகள் வெளியே தெரியவேண்டும் என்பதற்கான கடுஞ்சோதனை அது. இன்பத்துக்குக் குடிப்பதானால் மூன்று நிமிடம் போதும். முதல் நிமிடத்தில் மணம் வரும், இரண்டாவதில் நிறம், மூன்றாவதில் உடம்பு. நான்காவதில் துவர்ப்பு முன்னால் வந்து நின்றுகொள்ளும். இலையை எடுத்துவிட்டு, அதே இலைக்கு இரண்டாம் தண்ணீர் விட்டால் மணம் மெலிந்து இனிப்பு தலைகாட்டும். சிலர் இரண்டாவதையே விரும்புவார்கள். பக்கத்து வீட்டு மாவ்ஷிக்கு முதல் கோப்பையைக் கொடுத்தபோது, “தூத் குடே, பாய்?” என்று பாலைத் தேடினார். பிறகு மூக்கருகே கொண்டுபோய்ச் சற்றுநேரம் வைத்திருந்துவிட்டு, இது வெறும் கோரா சஹாவாக, பாலில்லாத டீயாகத் தெரியவில்லை, பூஜையறை வாசமடிக்கிறதே என்றார். சர்க்கரை கேட்காமல் குடித்து முடித்தார்.

பதிலுக்கு அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது கவதி சஹா. தேயிலையோடு எந்த உறவும் இல்லாத எலுமிச்சைப் புல் அது. மராத்திய வீடுகளில் துளசிக்குப் பக்கத்தில் ஒரு தூராவது வளர்த்திருப்பார்கள். நீண்ட தாள்கள் இரண்டை அரிவாளால் அறுத்து — ஓரம் கையைக் கீறும், பார்த்துப் பிடிக்கவேண்டும் — வெட்டிப் போடாமல், மடித்துச் சுருணையாக முடிந்து தண்ணீரில் இட்டுக் கொதிக்கவிடுவார் மாவ்ஷி. வெட்டினால் துண்டு துண்டாக வடிகட்டியில் சிக்கும், புல்லின் பச்சைச் சாறும் கூடுதலாக இறங்கும் என்பது அவர் கணக்கு. மழைக்காலத்தில் இஞ்சியும் சேரும். தூள் போடுமுன் அந்த முடிச்சை அகப்பைக் காம்பால் தூக்கி எடுத்துவிட வேண்டும். இரண்டு கொதி கூடப் போய்விட்டால், பாலின் மணத்தையும் தேயிலையின் மணத்தையும் அது விழுங்கிவிடும். எத்தனை கொதி என்று கேட்டால் மாவ்ஷி எண்ணிக்கை சொல்வதில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போது வாசம் வந்தால் எடுத்துவிடு என்கிறார்.